என்ஜின் ஓடுது, கியர் விழுது, வண்டி மட்டும் நகரலை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைப் பற்றியவை நிறைய இருந்ததால், அவற்றை மட்டும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். எல்லாமே மேனுவல் கியர் வண்டிகள்.

கேள்வி: சார், என்னிடம் இருப்பது 2009 மாடல் மாருதி ஜிப்ஸி. போன மாதம் கோவளம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பை ஒட்டிய மணலில் பின் சக்கரம் புதைந்துவிட்டது. முதல் கியர், ரிவர்ஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டு, நல்லா ரேஸ் கொடுத்துத்தான் வெளியே எடுத்தோம். வீடு வரைக்கும் ஒழுங்காக வந்தது. இரண்டு நாள் கழித்து சோழிங்கநல்லூர் சிக்னலில் க்ளட்ச்சை விட்டதும் பின்பக்கம் ‘டக்’கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என்ஜின் ஓடுகிறது, எல்லா கியரும் விழுகிறது, வண்டி நகரவில்லை. க்ரேன் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பக்கத்து மெக்கானிக் “க்ளட்ச் போயிருக்கும், கியர்பாக்ஸை இறக்கணும்” என்கிறார். இறக்கச் சொல்லலாமா?
— மேடவாக்கம் வாசகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். கியர்பாக்ஸை இறக்குவது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. அதற்கு முன்னால் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் பார்க்க நிறைய இருக்கிறது, அதுவும் உங்களுடையது ஃபோர் வீல் டிரைவ் என்பதால் மற்ற வண்டிக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்கள் கையிலேயே இருக்கிறது. அதுதான் கியர் லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த இரண்டாவது லீவர்.

என்ஜினின் சுழற்சி முதலில் க்ளட்ச்சுக்குப் போகிறது, அப்புறம் கியர்பாக்ஸ், அங்கிருந்து ஒரு குட்டி ஷாஃப்ட், பிறகு ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் அனுப்பும் பெட்டி), அதிலிருந்து நீளமான பின் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் (அதை இடது, வலது சக்கரத்துக்குப் பிரிக்கும் கியர்கள்), இரண்டு ஆக்சில் ஷாஃப்ட், கடைசியில் சக்கரம். ஜிப்ஸியில் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டியிருக்காது, தனியாகத் தொங்கும், அதனால்தான் நடுவில் அந்தக் குட்டி ஷாஃப்ட். இந்த வரிசையில் எந்த இடத்தில் சுழற்சி நின்றுபோகிறது என்று தெரிந்துவிட்டால் எதைக் கழற்றுவது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. தேய்ந்த க்ளட்ச் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் போகும். பல நாளாக ரேஸ் ஏறும், வேகம் ஏறாது, மேட்டில் கருகிய வாடை வரும், அப்புறம்தான் கைவிடும். உங்களுக்கோ வாடையும் இல்லை, முன்னறிகுறியும் இல்லை, ஒரே ஒரு சத்தம், அதுவும் பின்னாலிருந்து. இப்படி வந்தால் ஏதோ ஒன்று முறிந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். க்ளட்ச் ப்ளேட்டின் நடுவில் உள்ள பல் மொத்தமாக வழித்துக்கொண்டு போனாலும் திடீரென்று இப்படி நின்றுவிடும், அதனால் க்ளட்ச்சை முழுசாக விலக்கிவிடவும் முடியாது. சரி, சோதித்தே பார்த்துவிடுவோம்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீங்க. சக்கரத்துக்கும் என்ஜினுக்கும் தொடர்பு அறுந்த வண்டியை கியரில் போட்டு நிறுத்தினால் அது நிற்காது. பழைய ஜீப்புகள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக்கே ட்ரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஒரு ட்ரம்மில்தான் இருக்கும், ஆக்சில் ஷாஃப்ட் முறிந்தால் அதுவும் சக்கரத்தைப் பிடிக்காது. உங்கள் வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்திலேயே இருப்பதால் அந்தக் கவலை இல்லை, ஆனாலும் கல் வேண்டும்.

முதலில் அந்தச் சின்ன லீவரைப் பாருங்கள். ஃபோர் ஹைக்கும் (நாலு சக்கரமும் சாதாரண வேகத்தில் இழுப்பது) ஃபோர் லோவுக்கும் (நாலும் மெதுவாக, அதிக இழுவையோடு இழுப்பது) நடுவில் ஒரு நியூட்ரல் இருக்கிறது. மணலிலிருந்து வெளியே வந்தபின் லீவரை அரைகுறையாகத் தள்ளி விட்டிருந்தாலும், உள்ளே அதைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்ப்ரிங்கும் தேய்ந்திருந்தாலும், அது நழுவி நியூட்ரலில் போய் உட்காரும். அப்போதும் என்ஜின் ஓடும், எல்லா கியரும் விழும், வண்டி நகராது. லீவரை நன்றாக டூ ஹையில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுப்பது) அழுத்திப் போட்டு ஒருமுறை முயன்று பாருங்கள். இதைப் பார்க்காமல் கியர்பாக்ஸை இறக்கியவர்கள் இருக்கிறார்கள்.

அதில் ஒன்றும் இல்லையென்றால் டூ ஹையிலேயே வைத்து, என்ஜினை ஓடவிட்டு, மூன்றாவது கியர் போட்டு க்ளட்ச்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் திணறி அணைந்தால் சக்தி எங்கேயோ போய் முட்டுகிறது என்று அர்த்தம், உடனே நிறுத்திவிட்டு பிரேக் ஏதாவது இறுகிப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அணையாமல் ஓடினால் ஸ்பீடோமீட்டரைப் பாருங்கள். ஜிப்ஸியில் மீட்டர் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலிருந்துதான் வருகிறது. வண்டி நின்ற இடத்திலேயே நிற்க, முள் மட்டும் எழுந்தால், சுழற்சி ட்ரான்ஸ்ஃபர் கேஸைத் தாண்டி வந்துவிட்டது, கோளாறு அதற்குப் பின்னால்தான். க்ளட்ச்சும் கியர்பாக்ஸும் நன்றாக இருக்கின்றன என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும். முள் அசையவில்லை என்றால் ட்ரான்ஸ்ஃபர் கேஸிலோ அதற்கு முன்னாலோ தேட வேண்டும் (மீட்டர் கேபிளே அறுந்திருந்தால் இந்தச் சோதனை உதவாது).

அடுத்து இரண்டாவது லீவரின் முறை. முன் சக்கரத்தை அதன் ஷாஃப்ட்டோடு இணைக்கும், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் இரண்டையும் லாக்கில் திருகுங்கள், ஃபோர் ஹை போடுங்கள், கல்லை எடுத்துவிட்டு, முன்னால் ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டு, முதல் கியரில் மெல்ல விடுங்கள். வண்டி நகர்ந்தால் முன் சக்கரங்கள் இழுக்கின்றன. அப்படியானால் என்ஜின் முதல் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் வரை எல்லாம் சரி, பின் ஷாஃப்ட்டிலோ பின் ஆக்சிலிலோதான் முறிவு. ஃபோர் ஹையிலும் நகரவில்லையென்றால் க்ளட்ச், கியர்பாக்ஸ், குட்டி ஷாஃப்ட், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இந்த நான்கில் ஒன்று. அப்போது ஃபோர் லோவும் போட்டுப் பாருங்கள். லோவில் இழுத்து ஹையில் இழுக்கவில்லையென்றால் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் உள்ளே ஹை பக்கத்துப் பல்லோ, கியரை நகர்த்தும் ஃபோர்க்கோ போயிருக்கலாம், ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம், லோவில் க்ளட்ச்சுக்குப் பாரம் குறைவு என்பதால் நழுவுகிற க்ளட்ச்கூட லோவில் நல்லது போல நடந்துகொள்ளும்.

இவ்வளவும் ஆனபின் லீவரை டூ ஹைக்குத் திருப்பி, கல்லை மறுபடி வைத்து, ஒருவர் வண்டிக்குள் இருக்க, இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று குனிந்து ஷாஃப்ட்டுகளைப் பாருங்கள், அடியில் படுக்கவே கூடாது. என்ஜின் ஐட்லில், முதல் கியரில், குட்டி ஷாஃப்ட் சுற்றுகிறதா? நீள ஷாஃப்ட் சுற்றுகிறதா? குட்டி சுற்றி நீளம் சுற்றவில்லை என்றால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ். நீளமும் சுற்றினால் டிஃபரன்ஷியல் அல்லது ஆக்சில். ஷாஃப்ட்டின் ஒரு முனை சுற்றி மறுமுனை சுற்றவில்லை என்றால் இடையில் க்ராஸ் (ஷாஃப்ட்டின் மூட்டு) உடைந்திருக்கிறது, அப்படியானால் ஷாஃப்ட் தொங்கி அடியில் அடிக்கும் முன் என்ஜினை அணையுங்கள்.

குட்டி ஷாஃப்ட்டே சுற்றவில்லை என்றால் மட்டும்தான் உங்கள் மெக்கானிக் சொன்ன பக்கம் போக வேண்டும். அப்போதும் க்ளட்ச்சா கியர்பாக்ஸா என்று பிரிக்கலாம். கியரை நியூட்ரலில் வைத்து என்ஜினை ஓடவிட்டால் கியர்பாக்ஸுக்குள் மெல்லிய இரைச்சல் கேட்கும், க்ளட்ச்சை முழுசாக மிதித்தால் அது அடங்கும், விட்டால் திரும்ப வரும். இந்த மாற்றம் தெளிவாகக் கேட்டால் க்ளட்ச் சுழற்சியைக் கொடுக்கிறது, கோளாறு கியர்பாக்ஸுக்குள். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி அமைதியாக இருந்தால் க்ளட்ச்.

உங்கள் கதையை வைத்துப் பார்த்தால் பின் ஆக்சில் ஷாஃப்ட் மேல்தான் எனக்குச் சந்தேகம். டிஃபரன்ஷியலின் குணம் அப்படி, எந்தப் பக்கம் தடை இல்லையோ அந்தப் பக்கமே சுழற்சி ஓடும். ஒரு பக்கத்து ஷாஃப்ட் முறிந்தால் முறிந்த துண்டு சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், நன்றாக இருக்கிற மறுபக்கத்துச் சக்கரத்துக்கும் ஒன்றும் போகாது. ஒரு ஷாஃப்ட் முறிந்தாலே வண்டி மொத்தமாக நின்றுபோவது இதனால்தான்.

உறுதி செய்துகொள்ள, முன் சக்கரங்களுக்குக் கல் வைத்து, என்ஜினை அணைத்து, பின்பக்கத்தை ஜாக்கி போட்டு ஸ்டாண்டில் நிறுத்தி, டூ ஹையில் முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஆக்சில் நன்றாக இருந்தால் மறுபக்கத்துச் சக்கரம் எதிர்த் திசையில் சுற்றும். மறுபக்கம் அசையாமல் இந்தப் பக்கம் மட்டும் லேசாகச் சுற்றினால் உள்ளே தொடர்பு அறுந்திருக்கிறது. எந்தச் சக்கரம் சுற்றும்போது டிஃபரன்ஷியலுக்குள் கியர் உருளும் சத்தமே வரவில்லையோ அந்தப் பக்கத்து ஷாஃப்ட்டை முதலில் உருவுங்கள்.

உருவியதும் முறிந்த முகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் ஒரு பகுதி கறுத்து, அலை அலையாக வழவழவென்று இருக்கும், மீதி வெள்ளி மாதிரி பளிச்சென்று சொரசொரப்பாக இருக்கும். கறுத்த பகுதி முன்பே விழுந்திருந்த விரிசல், பளிச்சென்றிருப்பது கடைசியில் ஒரே அடியில் போனது. முழுசும் பளிச்சென்று, பல் முறுக்கிக்கொண்டு இருந்தால் ஒரே அதிர்ச்சியில் முறிந்திருக்கிறது. இரண்டு விதமாக இருந்தாலும் மணலில் நீங்கள் செய்தது அதற்கு உதவியிருக்கும். சக்கரம் இன்னும் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் கியர் போட்டு க்ளட்ச்சைப் பட்டென்று விடுவது ஆக்சிலுக்கு ஆகவே ஆகாது. அடுத்த முறை டயர் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கி, ஃபோர் லோவில் இரண்டாவது கியரில் சீராக ஏறி வாருங்கள், திரும்ப காற்று அடித்துக்கொண்டு ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலை) ஏறுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஃபோர் ஹையில் வண்டி நகர்கிறதே என்று அப்படியே ஓட்டிக்கொண்டு ஒர்க்ஷாப் போகலாமா என்று தோன்றும். லாரிகளில் இருப்பது ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்சில், அதில் ஷாஃப்ட்டை உருவிவிட்டாலும் சக்கரம் தன் பேரிங்கில் நிற்கும். ஜிப்ஸியில் சக்கரமே அந்த ஷாஃப்ட்டின் முனையில்தான் உட்கார்ந்திருக்கிறது. பேரிங்குக்கு வெளியே முறிந்திருந்தால் சக்கரம் ட்ரம்மோடு சேர்ந்து வெளியே வந்துவிடும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தாலோ ட்ரம் ஓரத்தில் எண்ணெய் வழிந்தாலோ ஓர் அடிகூட ஓட்டக் கூடாது. ஆட்டம் இல்லாமல் இருந்தாலும், ஃபோர் ஹையில் காய்ந்த தார் ரோட்டில் திருப்பங்களில் ஓட்டினால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் முறுக்கேறும், முறிந்த துண்டு வேறு டிஃபரன்ஷியலுக்குள் கிடந்து அரைக்கும். ஒர்க்ஷாப்புக்கு ஃப்ளாட் பெட் லாரியில் ஏற்றிக் கொண்டுபோவதே நல்லது.

சென்னையில் புதிய ஷாஃப்ட்டுக்கு ஜி.பி. ரோடு, பழையதுக்குப் புதுப்பேட்டை. எங்கே வாங்கினாலும் உடைந்ததை இரண்டு துண்டாகவும் கையோடு கொண்டுபோய், பல் எண்ணிக்கையை எண்ணி, நீளத்தை அளந்து வாங்குங்கள், இடதுக்கும் வலதுக்கும் நீளம் வேறு. பழைய ஷாஃப்ட் வாங்குவதை நான் விரும்ப மாட்டேன், அதில் ஏற்கனவே விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. பேரிங்கையும் ஆயில் சீலையும் கூடவே மாற்றுங்கள். ஹவுசிங்குக்குள் கிடக்கும் துண்டைக் காந்தம் விட்டு முழுசாக எடுத்து, எண்ணெயை வடித்து மாற்றாமல் மூடவே கூடாது.

கேள்வி: டீசல் 4x4 வைத்திருக்கிறேன், ஹைட்ராலிக் க்ளட்ச். கத்திப்பாரா பாலத்தில் ஏறும்போது நாலாவது கியரில் அழுத்தினால் ஆர்.பி.எம். மட்டும் எகிறுகிறது, வேகம் கூடவில்லை. ஏலகிரி போனபோது கருகிய வாடை. ஆனால் காலையில் எடுக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. இது க்ளட்ச்தானா?
— குரோம்பேட்டை வாசகர்

பதில்: க்ளட்ச் நழுவுகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் ப்ளேட் தேய்ந்ததால்தான் நழுவுகிறது என்று சொல்ல முடியாது, காலையில் நன்றாக இருந்து சூடானபின் நழுவுவது என்னை யோசிக்க வைக்கிறது.

ஹைட்ராலிக் க்ளட்ச்சில் பெடலை விட்டதும் எண்ணெய் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டருக்குத் திரும்பி வர வேண்டும். அந்தச் சிலிண்டரில் எண்ணெய் திரும்பும் சின்ன துளை அடைத்திருந்தாலோ, ரப்பர் குழாய் உள்ளே ஊதி வழியை மூடியிருந்தாலோ, பெடலில் விளையாட்டே இல்லாமல் இறுக்கி வைத்திருந்தாலோ, எண்ணெய் சூட்டில் விரிந்து க்ளட்ச்சைப் பாதி மிதித்த நிலையிலேயே வைத்திருக்கும். வண்டி நழுவுகிற அந்த நேரத்திலேயே ஓரம் கட்டி, என்ஜினை அணைத்து, க்ளட்ச் பக்கத்து ஸ்லேவ் சிலிண்டரின் ப்ளீடிங் நிப்பிளை (எண்ணெயை வெளியே விடும் திருகு) ஒரு சுற்று திறந்து மூடச் சொல்லுங்கள். எண்ணெய் பீய்ச்சி அடித்து, அதன்பின் நழுவல் போய்விட்டால் ப்ளேட் மேல் பழி போட வேண்டாம், மாஸ்டர் சிலிண்டரையும் குழாயையும் பாருங்கள். (கையில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், பெயின்டில் பட்டாலும்தான்.)

மாற்றமே இல்லையென்றால் ப்ளேட்தான், அல்லது ப்ளேட்டில் எண்ணெய் பட்டிருக்கிறது. பெல் ஹவுசிங்கின் (க்ளட்ச்சை மூடியிருக்கும் கூடு) அடியில் ஈரம் தெரிகிறதா பாருங்கள். என்ஜின் ஆயில் என்றால் க்ராங்கின் பின் சீல், கியர் ஆயில் என்றால் கியர்பாக்ஸின் முன் சீல், மூக்கில் வைத்தாலே கியர் ஆயிலின் காட்டமான வாடை பிரித்துச் சொல்லிவிடும். சீலை மாற்றாமல் ப்ளேட்டை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாளில் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள். இறக்கினால் ப்ளேட், ப்ரெஷர் ப்ளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள், கூலி ஒரே கூலிதான்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து டாப் கியரில் க்ளட்ச் விட்டுப் பார்க்கும் சோதனையை ஒருமுறைக்கு மேல் செய்யாதீர்கள். என்ஜின் உடனே அணைந்தால் அந்தச் சமயத்துக்கு க்ளட்ச் பிடிக்கிறது, அணையாமல் ஓடினால் நழுவுகிறது. திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சமிருக்கிற ப்ளேட்டும் கருகும். கிண்டி முதல் தாம்பரம் வரை ட்ராஃபிக்கில் பெடல் மேலேயே காலை வைத்திருக்கும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடுங்கள்.

கேள்வி: சென்டர் டிஃபரன்ஷியல் உள்ள ஃபுல் டைம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி. முன் ஷாஃப்ட் க்ராஸில் சத்தம் வந்ததால் ஷாஃப்ட்டைக் கழற்றி வேலைக்குக் கொடுத்தேன். பின் ஷாஃப்ட் இருந்தும் வண்டி நகர மறுக்கிறது. இன்னொரு கோளாறும் சேர்ந்துவிட்டதா?
— அண்ணா நகர் வாசகர்

பதில்: இல்லை, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. மேலே ஆக்சிலுக்குச் சொன்ன அதே குணம் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கும் உண்டு, முன்பக்கம் தடையே இல்லாததால் சுழற்சி எல்லாம் அங்கேயே ஓடிவிடுகிறது. சென்டர் டிஃப் லாக் போடுங்கள், பின் சக்கரங்கள் இழுக்கும். 2009-ல் இந்தியாவுக்கு வந்த முதல் ஃபார்ச்சூனரின் மேனுவல் 4x4 இந்த வகைதான். ஷாஃப்ட் திரும்ப மாட்டியதும் லாக்கை எடுத்துவிட மறக்காதீங்க.

கேள்வி: ஃபோர் ஹை போட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது, ஆனால் சேற்றில் பின் சக்கரம் மட்டும்தான் சுற்றுகிறது. விளக்கு எரிந்தால் நாலும் இழுக்க வேண்டும் அல்லவா?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: அந்த விளக்கு பெரும்பாலான வண்டிகளில் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் ஃபோர்க் நகர்ந்ததை மட்டும்தான் சொல்கிறது, முன் சக்கரம் வரை சுழற்சி போனதா என்று அதற்குத் தெரியாது. கைத்திருகு ஹப் என்றால் இரண்டுமே லாக்கில் இருக்கிறதா பாருங்கள், ஒன்று ஃப்ரீயில் இருந்தாலும் டிஃபரன்ஷியல் அந்தப் பக்கமே சுழற்சியை விட்டுவிடும். காற்று உறிஞ்சி வேலை செய்யும் ஹப் என்றால் முன்பக்கத்து மெல்லிய ரப்பர் குழாய்களைத் தடவிப் பாருங்கள், நம் ஊர் வெயிலுக்கு அவை வெடித்திருக்கும்.

கேள்வி: போன மழையில் என் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. என்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று சொல்லி ஸ்டார்ட் செய்து கொடுத்துவிட்டார்கள். இப்போது க்ளட்ச்சை முழுசாக மிதித்தாலும் கியர் கரகரவென்று முரண்டு பிடிக்கிறது. ஓட்டலாமா?
— பள்ளிக்கரணை வாசகர்

பதில்: உங்கள் பகுதியில் இந்தக் கேள்வி ஒவ்வொரு டிசம்பரும் வரும். 2015 வெள்ளத்துக்குப் பிறகும், 2023 மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் வந்த வண்டிகளில் என்ஜினை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை மறந்த கதைகள் ஏராளம். வேளச்சேரி பாலத்தின் மேல் ஆட்கள் காரைக் கொண்டுபோய் நிறுத்துவதைப் பார்த்து ஊரே பேசியது, ஆனால் அவர்கள் செய்தது முழுக்கச் சரி.

உங்களுடையது க்ளட்ச் ப்ளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொண்ட கேஸ். பெடலை முழுசாக மிதித்து, ஒரு கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவில் முட்டுக் கொடுத்து இரவு முழுக்க விடுங்கள், சில சமயம் காலையில் தானாகவே விட்டிருக்கும். விடவில்லையென்றால் என்ஜினைச் சூடாக்கி அணைத்துவிட்டு, முன்னால் நிறைய இடம் உள்ள மைதானத்தில், ஃபோர் லோவில் இரண்டாவது கியர் போட்டு, அந்தக் கியரிலேயே ஸ்டார்ட் செய்து, பெடலை மிதித்தபடியே ஆக்சிலரேட்டரைக் கொடுத்தும் எடுத்தும் பாருங்கள். இரண்டும் பலிக்கவில்லையென்றால் இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அதைவிட முக்கியம் எண்ணெய். ஓடிச் சூடான ஆக்சில் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கி, ப்ரீதர் என்கிற காற்றுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். நின்ற வண்டியிலும் தண்ணீர் ப்ரீதர் உயரத்தைத் தாண்டினால் மெல்ல உள்ளே இறங்கும். கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் நான்கின் ட்ரெயின் போல்ட்டையும் லேசாகத் தளர்த்திப் பாருங்கள். தண்ணீர் கனமானது என்பதால் அதுதான் முதலில் சொட்டும், அதற்குப் பின்னால் பால் விட்ட காபி நிறத்தில் எண்ணெய் வரும். அப்படி வந்தால் முழுசாக வடித்து, புது எண்ணெய் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி ஊற்றுங்கள். இரண்டு முறை எண்ணெய் வாங்கும் செலவு, பேரிங் துருப்பிடித்து டிஃபரன்ஷியலின் கிரவுன் பினியன் கியர்கள் போய் நடுரோட்டில் நிற்கும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அப்படியே நான்கு ப்ரீதருக்கும் ரப்பர் குழாய் மாட்டி பானட் உயரத்துக்கு ஏற்றிவிடச் சொல்லுங்கள், அடுத்த மழைக்குள் முடித்துவிடலாம்.